குதிரையின் குடற்புழுக்கள்: மருந்து வென்ற கதையும் தோற்ற கதையும்

குடற்புழு இல்லாத குதிரை கிடையாது. மேய்கிற குதிரை என்றால் வயிற்றில் புழு இருந்தே தீரும். பந்தயக் குதிரையானாலும் சரி, மெரினா மணலில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நடக்கும் மட்டக்குதிரையானாலும் சரி, இதில் பெரிய வேறுபாடு இல்லை. எந்தப் புழு, எத்தனை, எந்த வயதுக் குதிரையில், எந்தப் பருவத்தில் என்றுதான் கேட்க வேண்டும். ஆனால் அறுபது ஆண்டுகளாக உலகெங்கும் குதிரை வளர்ப்போர் இந்தக் கேள்விகளைக் கேட்காமலேயே மருந்து கொடுத்துப் பழகிவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து என்பது லாயத்தின் எழுதாத சட்டமாகிவிட்டது. அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது, எதைச் சாதித்தது, எதைக் கெடுத்தது என்று பார்த்தால்தான் இன்றைக்கு என்ன செய்வது என்பது தெளியும்.

ரத்தக்குழாயில் குடியிருந்த புழு

அந்தச் சட்டம் ஒரே ஒரு புழுவை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஸ்ட்ராங்கைலஸ் வல்காரிஸ் என்ற அந்தப் புழு குதிரையின் பெருங்குடலில் வாழ்கிறது. முழுதாக வளர்ந்தாலும் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் போகாது. குடலின் உட்சுவரைக் கவ்வி ரத்தம் உறிஞ்சும். ரத்தப்புழு என்றே இதைச் சொல்வார்கள். ரத்தம் உறிஞ்சுவது இது செய்யும் சின்னத் தீங்குதான். பெரிய தீங்கைச் செய்வது இதன் இளம்புழு. புல்லோடு உள்ளே போகும் இளம்புழு குடல்சுவரைத் துளைத்து, அங்குள்ள நுண்ணிய தமனிக்குள் நுழைந்து, ரத்தம் வரும் திசைக்கு எதிராக, தமனியின் உட்படலத்துக்கு அடியில் ஊர்ந்து மேலேறுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் அது போய்ச் சேரும் இடம், குடலின் பெரும்பகுதிக்கு ரத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெரிய தமனி. அங்கே மூன்று நான்கு மாதம் தங்கி வளர்கிறது. பிறகு ரத்த ஓட்டத்தோடு குடலுக்குத் திரும்பி, முதிர்ந்து முட்டையிடுகிறது. வாயில் நுழைந்த நாளிலிருந்து அதன் முட்டை லத்தியில் விழும் நாள்வரை ஆறு மாதத்துக்கு மேல் ஆகும்.

இந்தப் புழுவால் இறந்த குதிரையின் அந்தத் தமனியை நீளவாக்கில் கீறிப் பார்த்தால் நடந்தது விளங்கும். வழவழப்பாக இருக்க வேண்டிய உட்சுவர் தடித்துக் கரடுமுரடாகி இருக்கும். அதன்மேல் ரத்தக்கட்டி படிந்திருக்கும். கட்டியை மெதுவாக விலக்கினால் அடியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் இளம்புழுக்கள் ஒட்டிக் கிடக்கும். அந்தக் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்துபோய்க் கீழே ஒரு சிறு குழாயை அடைத்தால் அந்தப் பகுதிக் குடலுக்கு ரத்தம் நின்றுபோகும், குடல் செத்துவிடும். குதிரை தரையில் புரண்டு, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, வியர்த்து விறைத்துச் சாகும். குதிரையின் வயிற்றுவலிக்கும் தமனிப் புழுவுக்கும் உள்ள இந்த உறவை ஜெர்மானிய நோய்க்கூறியல் அறிஞர் ஓட்டோ போலிங்கர் 1870இலேயே விரிவாக எழுதினார். காரணம் தெரிந்துவிட்டது. மருந்துதான் இல்லை.

பிறகு வந்த பல பத்தாண்டுகளில் மருந்து என்ற பெயரில் குதிரைக்குக் கொடுத்தவற்றைப் படித்தால் புழுவைவிட மருந்துக்குத்தான் பயப்படத் தோன்றும். டர்பன்டைன் எண்ணெய், கார்பன் டைசல்ஃபைடு, கார்பன் டெட்ராகுளோரைடு என்று மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஊற்றினார்கள். 1940களில் ஃபீனோதயசின் வந்தது. அதைத் தினமும் தீவனத்தில் கொஞ்சம் கலந்து கொடுக்கும் பழக்கம் பரவியது. 1961இல் தயபெண்டசோல் வந்த பிறகுதான் குதிரையைக் கொல்லாமல் புழுவைக் கொல்லும் மருந்து கைக்குக் கிடைத்தது.

அமெரிக்காவின் கென்டக்கி பந்தயக் குதிரை இனப்பெருக்கத்தின் தலைநகரம். அங்கே லெக்சிங்டனில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் ட்ரட்ஜ், யூஜின் லயன்ஸ் என்ற இருவர் 1966இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார்கள். பண்ணையிலுள்ள எல்லாக் குதிரைகளுக்கும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மருந்து. இதன் கணக்கு எளிமையானது, அழகானதும்கூட. மருந்து கொடுத்தபின் லத்தியில் முட்டைகள் மறுபடி தலைகாட்ட ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும். அதற்குள் அடுத்த மருந்து போய்விட்டால் மேய்ச்சல் நிலத்தில் முட்டையே விழாது. முதிர ஆறு மாதம் எடுக்கும் ரத்தப்புழுவால் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. தமனியில் ஒளிந்திருப்பதை அன்றைய மருந்து தொடாவிட்டாலும், அது குடலுக்குத் திரும்பியதும் பிடித்துவிடலாம்.

திட்டம் பலித்தது. 1980களின் தொடக்கத்தில் ஐவர்மெக்டின் வந்ததும் வெற்றி முழுமையானது. அந்த மருந்து தமனிக்குள் இருக்கும் இளம்புழுவையும் கொன்றது. ஒருகாலத்தில் ஏறக்குறைய எல்லாக் குதிரையிலும் இருந்த ரத்தப்புழு, ஒழுங்காக மருந்து கொடுக்கும் பண்ணைகளிலிருந்து காணாமலே போனது. கால்நடை மருத்துவத்தில் இவ்வளவு சுத்தமான வெற்றிகள் அதிகம் இல்லை.

ஐவர்மெக்டினைப் பற்றி இந்த இடத்தில் ஒரு செய்தி சொல்லிவிட வேண்டும். ஜப்பானில் சதோஷி ஓமுரா சேகரித்த மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து வந்தது அது. அமெரிக்காவில் வில்லியம் கேம்பலின் குழு அதை மருந்தாக்கியது. இருவருக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மருந்து குதிரையின் தோலில் இருக்கும் ஆங்கோசெர்கா இளம்புழுக்களைக் கொல்கிறது என்று கண்டதுதான், மனிதரில் அதே இனத்துப் புழுவால் வரும் ஆற்றோரக் குருட்டு நோய்க்கும் இது உதவக்கூடும் என்ற எண்ணத்துக்கு வழிவிட்டது. 1987 முதல் ஆப்பிரிக்காவுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் அது இலவசமாகப் போகிறது. குதிரை மருந்து மனிதருக்கு வந்த நல்ல கதை அது. கொரோனாக் காலத்தில், 2021இல், அமெரிக்கர்கள் குதிரைக்கான பேஸ்ட்டை வாங்கித் தின்றது கெட்ட கதை. நீங்கள் குதிரை அல்ல என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே ட்விட்டரில் எழுத வேண்டியதாயிற்று.

காலி இடத்தில் வந்து உட்கார்ந்தவை

ரத்தப்புழு போன இடம் காலியாக இருக்கவில்லை. சயத்தோஸ்டோமின்கள் என்ற சிறுபுழுக் கூட்டம் முன்பிருந்தே அதே பெருங்குடலில் இருந்தது. ஐம்பது இனம் வரை உண்டு. ஒரு குதிரையிலேயே பத்துப் பதினைந்து இனங்கள் சேர்ந்திருக்கும். பெரியவற்றின் அட்டகாசத்தில் இவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. இன்று வளர்ந்த குதிரையின் லத்தியில் காணும் முட்டைகளில் மிகப் பெரும்பாலானவை இவற்றின் முட்டைகள்தாம்.

இவை உடலெங்கும் சுற்றுவதில்லை. இளம்புழு பெருங்குடலின் சுவருக்குள் புகுந்து, தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொண்டு அங்கேயே படுத்துவிடும். சில வாரங்களில் வெளிவருபவையும் உண்டு, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உறங்குபவையும் உண்டு. ஒரு குதிரையில் இருக்கும் சிறுபுழுக்களில் பத்தில் ஒன்பது பங்கு இப்படிச் சுவருக்குள் இருக்கலாம். சுவருக்குள் இருப்பது முட்டையிடாது. ஆகவே லத்திப் பரிசோதனையில் தெரியாது. பெரும்பாலான மருந்துகள் இவற்றைத் தொடுவதும் இல்லை. ஐவர்மெக்டின்கூட உறைக்குள் உறங்கும் இளம்பருவத்தின்மீது வேலை செய்யாது. மாக்ஸிடெக்டின் என்ற அதன் உறவு மருந்தும், எதிர்ப்பு இல்லாத இடத்தில் ஐந்து நாள் தொடர்ந்து கொடுக்கும் ஃபென்பெண்டசோலும்தான் இவற்றை எட்டுகின்றன.

ஒன்றிரண்டாக வெளிவந்தால் குதிரைக்குத் தெரியாது. லட்சக்கணக்கில் ஒரே சமயத்தில் உறையைக் கிழித்துக்கொண்டு வந்தால் குடல்சுவர் புண்ணாகி, வீங்கி, புரதம் ஒழுகும். திடீர் பேதி, அடிவயிற்று வீக்கம், வாரக்கணக்கில் மெலிவு. குளிர்நாடுகளில் பனிக்காலம் முடியும் தறுவாயில் இளங்குதிரைகளுக்கு இது அதிகம் வரும். சிகிச்சை கொடுத்தாலும் ஏறக்குறைய பாதி செத்துப்போகும். வேடிக்கை என்னவென்றால், குடலுக்குள் இருக்கும் முதிர்ந்த புழுக்களை மருந்து கொடுத்து அகற்றுவதே, சுவருக்குள் உறங்குபவை எழுந்து வர ஒரு தூண்டுதலாகிவிடும்.

இரண்டு மாதத்துக்கு ஒரு மருந்து என்ற திட்டம் இந்தச் சிறுபுழுக்களுக்குப் பயிற்சிக் கூடமாக அமைந்தது. இவற்றின் வாழ்க்கைச் சுற்று வேகமானது, எண்ணிக்கை அபாரம். ஒவ்வொரு முறை மருந்து போகும்போதும் தப்பிப் பிழைத்த சிலவற்றின் பிள்ளைகள்தாம் அடுத்த தலைமுறை. ஃபீனோதயசினுக்கு எதிர்ப்பு 1960களின் தொடக்கத்திலேயே தெரிந்தது. தயபெண்டசோல் வந்த சில ஆண்டுகளில் அதற்கும் வந்தது. இன்று பென்சிமிடசோல் குடும்ப மருந்துகளுக்கு, அதாவது ஃபென்பெண்டசோல், அல்பெண்டசோல் வகையறாக்களுக்கு, அடங்காத சிறுபுழு உலகின் எல்லாப் பகுதியிலும் உண்டு, இந்தியாவிலும் பதிவாகியிருக்கிறது. பைரண்டலுக்கும் பல நாடுகளில் எதிர்ப்பு இருக்கிறது. ஐவர்மெக்டின் கொடுத்தால் ஒன்பது வாரத்துக்குக் குறையாமல் முட்டை வராது என்பது அது அறிமுகமானபோது இருந்த நிலை. இப்போது நாலைந்து வாரத்திலேயே வந்துவிடுகிறது. 1980களுக்குப் பிறகு குதிரையின் உருளைப்புழுக்களுக்கென்று புதிதாக ஒரு மருந்துக் குடும்பமும் சந்தைக்கு வரவில்லை.

குட்டிகளின் புழு

குட்டிகளுக்கு வேறு எதிரி. பராஸ்காரிஸ் என்ற உருளைப்புழு மாடு, நாய், மனிதர் என்று பலரைப் பிடிக்கும் நாக்குப்பூச்சிகளின் உறவுதான், ஆனால் உருவத்தில் பூதம். வெள்ளையாக, பென்சில் கனத்தில், ஒரு முழம்வரை நீளும். முட்டையின் ஓடு தடிமனானது, பிசுபிசுப்பானது. தாயின் மடியிலும் லாயச் சுவரிலும் தீவனத் தொட்டியிலும் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். குட்டி அதை நக்கி விழுங்கும். உள்ளே பொரிந்த இளம்புழு கல்லீரல் வழியாக நுரையீரலுக்குப் போய், இருமலில் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு மறுபடி சிறுகுடலுக்கு வருகிறது. ஏறக்குறைய மூன்று மாதத்தில் முட்டையிடத் தொடங்கும். மூக்கு ஒழுக்கு, இருமல், வயிறு ஊதிய மெலிந்த உடம்பு, பொலிவற்ற முடி ஆகியவை அடையாளம். ஒரு வயதைத் தாண்டும்போது குதிரையின் உடம்பே எதிர்ப்பைக் கற்றுக்கொண்டு இதை விரட்டிவிடும்.

இந்தப் புழுவுக்கு உயிரியல் வரலாற்றில் ஒரு மரியாதை உண்டு. இதன் ஓர் இனத்தில் குரோமோசோம் ஒரே ஒரு சோடிதான். எண்ணவும் பார்க்கவும் இவ்வளவு வசதியான உயிரணு வேறு எங்கே கிடைக்கும்? பெல்ஜியத்தின் எத்துவார் வான் பெனடன் 1883இல், தந்தையும் தாயும் கருவுக்குச் சமமான குரோமோசோம் பங்கைத் தருவதைக் குதிரையின் இந்தப் புழுவின் முட்டையில்தான் கண்டார். ஜெர்மனியின் தியோடர் போவெரி தன் குரோமோசோம் ஆய்வுகளில் முக்கியமானவற்றை இதிலிருந்தே எடுத்தார். பாரம்பரியம் எப்படிக் கடத்தப்படுகிறது என்ற நம் அறிவின் ஒரு பகுதி குதிரைக் குடலிலிருந்து வந்தது.

லாயத்தில் இதற்கு மரியாதை கிடையாது. நான்கைந்து மாதக் குட்டியின் சிறுகுடலில் நூற்றுக்கணக்கில் நிறைந்திருக்கும்போது, அவற்றைச் சட்டென்று செயலிழக்கச் செய்யும் ஐவர்மெக்டினோ பைரண்டலோ கொடுத்தால், அத்தனையும் கொத்தாகத் திரண்டு குடலை அடைத்துவிடும். மருந்து கொடுத்த ஒன்றிரண்டு நாளில் வயிற்றுவலி வந்து குட்டி சாவதற்கு இதுவே காரணம். பழி பெரும்பாலும் தீவனத்தின்மேல் விழும். தவிர, ஐவர்மெக்டினுக்கு அடங்காத பராஸ்காரிஸ் நெதர்லாந்தில் 2002இல் முதலில் வெளிச்சத்துக்கு வந்து, இப்போது பல நாடுகளில் உண்டு. ஆகவே இரண்டு மூன்று மாதக் குட்டிக்கு முதல் மருந்தாக ஃபென்பெண்டசோலே பரிந்துரைக்கப்படுகிறது. சிறுபுழுவிடம் தோற்ற அதே மருந்து இந்தப் புழுவிடம் பல இடங்களில் இன்னும் வெல்கிறது. ஒரே குதிரையில் இரண்டு புழு, இரண்டுக்கும் எதிரெதிர்த் திசையில் எதிர்ப்பு. ஒரே டப்பாவை வாங்கி எல்லாவற்றுக்கும் ஊற்றும் பழக்கம் ஏன் செல்லாது என்பதற்கு இந்த ஒரு எடுத்துக்காட்டே போதும்.

இதைவிடச் சின்னக் குட்டிகளுக்கு, தாய்ப்பால் வழியாகவே வரும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற நூல்புழு உண்டு. இப்போது அதன் தொல்லை அரிது. பிறந்த பத்து நாளில் குட்டிக்கு வரும் பேதிக்கு முன்பு இதைத்தான் குற்றம் சொன்னார்கள். பெரும்பாலும் அது குட்டியின் குடல் பழகும் காலத்துப் பேதி, தானே நிற்கும்.

இரைப்பையில் இருப்பவர்கள்

இரைப்பையைத் திறந்து பார்த்தவர்கள் முதலில் அதிர்வது புழுவால் அல்ல, ஈயின் குஞ்சால். காஸ்ட்ரோஃபிலஸ் என்ற ஈ, குதிரையின் முன்னங்கால் முடியில் மஞ்சள் முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கும். குதிரை நக்கும்போது அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் முட்டை பொரிந்து, நாக்கிலும் ஈறிலும் சில வாரம் வளர்ந்து, பிறகு இரைப்பைச் சுவரில் கொக்கி போட்டு மாதக்கணக்கில் தொங்கும். தடித்த சிவந்த புழுக்கள் வரிசை வரிசையாக. பார்க்கக் கோரமாக இருந்தாலும் இவை செய்யும் கெடுதல் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

வெப்ப நாட்டுக்கு உரிய இரைப்பைப் புழு ஹப்ரோனீமா. அதன் நெருங்கிய உறவான ட்ராஷியா இரைப்பைச் சுவரில் கட்டிபோன்ற முடிச்சுகளை உண்டாக்கி அதற்குள் வசிக்கும். இவற்றின் இளம்புழு லத்தியில் வரும். லத்தியில் வளரும் ஈப்புழு அதை உண்ணும். ஈ முதிரும்போது அதன் வாய்ப்பகுதியில் இது தயாராகக் காத்திருக்கும். ஈ குதிரையின் உதட்டில் உட்கார்ந்தால் புழு வாய்க்குள் போய் இரைப்பையைச் சேர்ந்து வாழ்க்கையை முடிக்கும். காயத்திலோ கண்ணோரத்திலோ உட்கார்ந்தால் வழி தவறிய இளம்புழு அங்கேயே தங்கிவிடும். அந்த இடம் ஆறாத புண்ணாகும்: சிவந்து, சதை மிஞ்சி, நடுவே அரிசிக் குருணை போன்ற மஞ்சள் மணிகளோடு. பிரிட்டிஷ் இந்தியக் குதிரைப்படையின் மருத்துவர்கள் மழைக்காலத்தில் வரும் இந்த வகைப் புண்களைப் பர்சாத்தி என்று பதிவு செய்தார்கள். ஒரு பூஞ்சைபோன்ற கிருமியால் வரும் வேறொரு புண்ணும் அந்தப் பெயருக்குள் கலந்திருந்தது பின்னால்தான் தெரிந்தது. கண்ணோரத்துப் புண் மாதக்கணக்கில் ஆறவில்லை என்று களிம்பு மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் ஈயை நினைத்துப் பார்க்க வேண்டும். ஐவர்மெக்டின், வீக்கம் குறைக்கும் மருந்து, புண்ணை மூடிவைத்தல், லத்திக் குப்பையை அகற்றுதல் எல்லாம் சேர்ந்தால்தான் இது அடங்கும்.

நாடாப்புழு ஒன்றும் உண்டு. அனோப்ளோசெபலா என்ற அது சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் வாயிலில் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். புல்லில் வாழும், கண்ணுக்குத் தெரியாத உண்ணிப் பூச்சிகளைப் புல்லோடு விழுங்குவதால் வருவது. தீங்கற்றது என்றே நெடுங்காலம் கருதினார்கள். இங்கிலாந்தில் 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. அந்த வாயிலில் அடைப்பு ஏற்பட்டு வயிற்றுவலி வந்த குதிரைகளில் 81 விழுக்காட்டுக்கும், விட்டுவிட்டு வரும் சுருக்குவலியில் 22 விழுக்காட்டுக்கும் நாடாப்புழுவைக் காரணமாகக் கொள்ளலாம் என்று அது கணித்தது. ஐவர்மெக்டின் நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது, பிராசிகுவான்டெல் வேண்டும். வாலைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து முடி கொட்டவைக்கும் ஆக்ஸியூரிஸ் நம் குழந்தைகளின் கீரிப்பூச்சிக்கு உறவு; தொல்லைதான், உயிருக்கு ஆபத்து இல்லை.

எண்ணிப் பார்த்தபோது

மருந்துகள் தோற்கத் தொடங்கியதும் பழைய கருவி ஒன்று மறுபடி மேசைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் மெக்மாஸ்டர் ஆய்வகத்தில் 1939இல் ஆட்டுப் புழுக்களுக்காக உருவான முட்டை எண்ணும் முறை. புதிய லத்தியில் நான்கு கிராம் நிறுத்து, 26 மில்லி செறிவான உப்புக்கரைசலில் கரைத்து வடிகட்ட வேண்டும். கட்டம் போட்ட கண்ணாடிச் சில்லின் இரண்டு அறைகளிலும் அதை நிரப்பிச் சில நிமிடம் விட்டால், முட்டைகள் மிதந்து மேற்கண்ணாடிக்கு அடியில் வந்து நிற்கும். நுண்ணோக்கியில் கட்டம் கட்டமாக எண்ணி, இரண்டு அறையின் கூட்டுத்தொகையை 25ஆல் பெருக்கினால் ஒரு கிராம் லத்திக்கு எத்தனை முட்டை என்பது வந்துவிடும். மெல்லிய ஓட்டோடு நீள்வட்டமாக, உள்ளே திராட்சைக்குலைபோல அணுக்கள் தெரிந்தால் அது பெருங்குடல் புழு. தடித்த பழுப்பு ஓட்டோடு உருண்டையாக இருந்தால் பராஸ்காரிஸ். பழகிய கைக்கு ஒரு குதிரைக்குக் கால்மணி நேரம் போதும்.

இப்படி எண்ணியபோது ஒரு செய்தி திரும்பத் திரும்ப வந்தது. ஒரே மேய்ச்சலில் இருக்கும் வளர்ந்த குதிரைகளில் ஐந்தில் ஒன்றுதான் முட்டைகளில் எண்பது விழுக்காட்டைக் கொட்டுகிறது. மீதிக் குதிரைகளில் பல, மருந்தே இல்லாமல் ஒரு கிராமுக்கு 200க்குக் கீழே நிற்கின்றன. ஆண்டுகள் போனாலும் குறைவாகக் கொட்டும் குதிரை பெரும்பாலும் குறைவாகவே கொட்டும்; அது அந்தக் குதிரையின் உடல்வாகு. அப்படியிருக்க எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மருந்து ஏன்? கொட்டுகிறவற்றுக்கு மட்டும் கொடுத்தால் மேய்ச்சலும் சுத்தமாகும், மருந்தைச் சந்திக்காத புழுக்களும் மிச்சமிருக்கும். எதிர்ப்பு பெற்றவை அவற்றோடு கலந்து நீர்த்துப்போகும். இந்தத் தர்க்கத்தில் குறை காண முடியவில்லை.

டென்மார்க் இதைச் சட்டமாகவே ஆக்கியது. 1999 முதல் அங்கே புழு மருந்து மருத்துவர் சீட்டில்தான் கிடைக்கும்; பரிசோதித்து நோய் கண்டபின்தான் எழுதலாம். வழக்கமாகக் கொடுத்துவைக்கும் பழக்கம் நின்றது, மருந்துச் செலவு குறைந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பண்ணைகளை ஆராய்ந்தபோது, தெரிவுசெய்து மருந்து கொடுத்த பண்ணைகளில் பழைய ரத்தப்புழு திரும்பி வந்திருந்தது. 2007இல் இதே வழிக்கு வந்த சுவீடனிலும் பின்னர் அதுவே நடந்தது.

ஏன் என்று யோசித்தால் விடை முட்டையிலேயே இருக்கிறது. ரத்தப்புழுவின் முட்டையும் சிறுபுழுவின் முட்டையும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தெரியும். லத்தியை இரண்டு வாரம் ஈரமாக வைத்து இளம்புழுவாக வளர்த்துப் பார்த்தோ, மரபணுச் சோதனை செய்தோதான் பிரிக்க முடியும். முட்டை எண்ணிக்கை குறைவு என்று விட்டுவைத்த குதிரையின் தமனியில் ரத்தப்புழு அமைதியாக இருந்திருக்கிறது. முட்டை எண்ணிக்கை, உள்ளே எத்தனை புழு இருக்கிறது என்பதைச் சொல்லாது. குதிரை நோயாளியா என்பதையும் சொல்லாது. அந்தக் குதிரை மேய்ச்சலை எவ்வளவு அசுத்தப்படுத்துகிறது, கொடுத்த மருந்து வேலை செய்ததா என்ற இரண்டை மட்டுமே அது நம்பத்தகுந்தபடி சொல்லும். இதைத் தாண்டி அதனிடம் கேட்டதுதான் தவறு. என் பார்வையில், பழைய நாட்காட்டியை வழிபட்டதுபோலவே புதிய எண்ணிக்கையையும் வழிபடத் தொடங்கியதன் விளைவு இது.

இன்று அமெரிக்கக் குதிரை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலும் ஐரோப்பியப் பரிந்துரைகளும் நடுவில் ஓர் இடத்தில் நிற்கின்றன. எல்லா வளர்ந்த குதிரைக்கும் ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு அடிப்படை மருந்து. அதற்குமேல், அதிகம் கொட்டும் குதிரைகளுக்கு மட்டும் கூடுதலாக. குட்டிகளுக்குத் தனி அட்டவணை. ஆண்டுக்கு ஒரு முறை, மருந்து கொடுத்த பதினான்காம் நாள் மறுபடி எண்ணி மருந்தைச் சோதித்தல். புழு இல்லாத குதிரையை உருவாக்குவது யாருடைய குறிக்கோளும் அல்ல இப்போது. கென்டக்கிப் பல்கலைக்கழகம் 1979 முதல் ஒரு குதிரைக் கூட்டத்துக்குப் புழு மருந்தே கொடுக்காமல் வைத்திருக்கிறது. ரத்தப்புழு உட்பட பழைய புழுக்கள் எல்லாம் அங்கே உண்டு, கூட்டமும் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கிறது. கோடியக்கரையிலும் நெடுந்தீவிலும் தம்போக்கில் திரியும் மட்டக்குதிரைகளின் லத்தியை யாராவது இப்படி ஆண்டுக்கணக்கில் எண்ணினால் நம் மண்ணுக்கே உரிய செய்தி கிடைக்கும்.

நம் வெயிலும் நம் லாயமும்

ஐரோப்பிய அட்டவணையைத் தமிழ்நாட்டில் அப்படியே பின்பற்றுவதில் பொருளில்லை. அங்கே பனி புழுவை உறங்கவைக்கிறது, கோடை வளர்க்கிறது. இங்கே கோடைதான் கொல்லும். 25 முதல் 33 பாகை வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் முட்டை நாலைந்து நாளில் தொற்றும் இளம்புழுவாகிவிடும். 40 பாகைக்கு அருகே வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் திறந்த நிலத்தில் அது சில வாரம்கூடத் தாங்காது. ஆனால் லத்தி உருண்டைக்குள் ஒளிந்தவை பிழைத்திருந்து, முதல் மழையில் புல்லுக்கு ஏறும். ஆகவே சமவெளியில் சித்திரை வைகாசியில் மருந்தை வீணாக்கத் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியும் அது ஓயும் காலமும்தான் கவனிக்க வேண்டியவை. உதகை, கொடைக்கானல் குதிரைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; அங்கே ஆண்டில் பெரும்பகுதி புழுவுக்கு வசதியான குளிர்ந்த ஈரம்.

இன்னொன்று: நம் குதிரைகளில் பல மேய்வதே இல்லை. அறுத்த புல், கொள்ளு, தவிடு என்று லாயத்திலேயே நிற்கின்றன. அவற்றுக்கு ரத்தப்புழுவும் சிறுபுழுவும் குறைவாகவே வரும். வருவது லாயத்துப் புழுக்கள். சுவரில் ஒட்டியிருக்கும் பராஸ்காரிஸ் முட்டை, வாலடியில் கீரிப்பூச்சி, லத்திக் குவியலில் பெருகும் ஈயோடு ஹப்ரோனீமா. இவற்றுக்கு முதல் மருந்து கூடையும் துடைப்பமும்தான். தினம் லத்தியை அள்ளிக் குழியில் போட்டு மக்கவைத்தால் அந்தச் சூட்டில் முட்டையும் இளம்புழுவும் சாகும். மக்காத லத்தியைக் குதிரை மேயும் நிலத்திலேயே பரப்புவது புழுவை விதைப்பதற்குச் சமம். மாடுகளை மாற்றி மேயவிடுவது நல்லது; குதிரைப் புழுவின் இளம்பருவம் மாட்டின் வயிற்றில் பிழைக்காது. இரண்டுக்கும் பொதுவான ட்ரைகோஸ்ட்ராங்கைலஸ் என்ற இரைப்பைப் புழு மட்டும் விலக்கு.

மருந்தின் அளவு இங்கே பெரிய ஓட்டை. குதிரையைக் கண்ணால் அளந்து, ஏறக்குறைய இவ்வளவு என்று ஊற்றுகிறார்கள். குறைந்த அளவு மருந்து எதிர்ப்பை வளர்க்கும். எடை மேடை இல்லாவிட்டாலும் ஒரு தையல் டேப் போதும்: முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனைவரை உள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 140, நீளம் 130 என்றால் 214 கிலோ. ஐவர்மெக்டின் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் கணக்கில் அதற்கு 43 மில்லிகிராம் வேண்டும். மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடுவதும் நடக்கிறது, செய்யக் கூடாது. குதிரைக்கும் முதலில் ஊசியாகவே வந்த மருந்துதான் அது. ஊசி போட்ட இடத்தில் கிருமி புகுந்து சில குதிரைகளுக்குக் கடும் வீக்கம் வந்ததால் அதை விலக்கிக்கொண்டு வாயில் கொடுக்கும் பேஸ்ட்டுக்கு மாறினார்கள்.

நாட்டில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2012 கணக்கெடுப்பில் 6.25 லட்சம், 2019இல் 3.4 லட்சம். எண்ணிக்கை குறைவதால் இது சின்னப் பிரச்சினை என்று தோன்றலாம். இருப்பவை ஊர் ஊராக விற்கப்படுகின்றன, சந்தைக்குச் சந்தை போகின்றன, பந்தயப் பண்ணைகளுக்கு வெளிநாட்டிலிருந்தும் வருகின்றன. ஐவர்மெக்டினுக்கே அடங்காத சிறுபுழு, அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஒரு வயதுக் குதிரைகளோடு கடல் தாண்டிய செய்தி 2020இல் வெளியானது. புதிதாக வாங்கிய குதிரைக்கு வந்த அன்றே மருந்து கொடுத்து மற்றவற்றோடு விட்டுவிடுவதுதான் பொது வழக்கம். தனியாகக் கட்டி, மருந்து கொடுக்கும் முன் ஒரு முறையும் பதினான்கு நாள் கழித்து ஒரு முறையும் லத்தியை எண்ணி, மருந்து வேலை செய்தது உறுதியான பிறகு சேர்ப்பதற்கு ஆகும் செலவு இரண்டு பரிசோதனையும் இரண்டு வாரத் தீவனமும்.